வடம் விறைக்கும் கணம்

சாயல்குடியில் எனக்கு ஒரு ஸ்டுடியோ.
ஊர்ப் பெயரிலேயே பாதித் தொழில் இருக்கிறது.
பாஸ்போர்ட் அளவு, எட்டுப் பிரதி, பத்து நிமிடம்.
காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது.
வெள்ளைத் திரைக்கு முன்னால்
ஒரு நாளைக்கு முப்பது பேரிடம்
அசையாதீங்க என்கிறேன்.

மார்கழியில்
ஞானஸ்நான ஆல்பம் ஒன்றைக் கொடுக்க
மூக்கையூர் போயிருந்தேன்.
கையில் கேமரா இல்லாத காலையாகப் பார்த்து
அது நடந்தது.

கரைவலையின் வடம்
அலைமேல் தொய்ந்து கிடந்தது.
இருபது பேர் ஒருசேரப் பின்னால் சாய
விறைத்தது.
குடித்து வைத்திருந்த கடலையெல்லாம்
கயிறு தன் நீளம் முழுக்கத்
துளிதுளியாய் வெளியே உதறியது,
எதிர்வெயிலில்,
கயிற்றுக்கு மயிர்க்கூச்செறிந்தது மாதிரி.
அவ்வளவுதான்.
மறுபடி தொய்ந்துவிட்டது.

அப்புறம் பதினொரு விடியல்கள்.
உடைமரக் காட்டு இருட்டில் பைக்கை விரட்டி
சூரியனுக்கு முன்னால் போய் நிற்பேன்.
ஒரு நாள் மேகம்.
ஒரு நாள் வலையே இறங்கவில்லை.
ஒரு நாள் எல்லாமே சரியாக இருந்தது,
நட்டநடுவில் ஒரு நாய் உட்கார்ந்து
காது சொறிந்துகொண்டிருந்ததைத் தவிர.
ஒரு நாள் லென்ஸில் உப்புப் படலம்;
பனியன் நுனியால் துடைத்து நிமிர்வதற்குள்
வெயில் ஒரு முழம் ஏறித்
தண்ணீர் வெறும் தண்ணீராகியிருந்தது.

ஆயிரத்து நானூறு படங்கள்.
எல்லாவற்றிலும் கயிறு இருந்தது.
சிலிர்ப்பு ஒன்றிலும் இல்லை.

காரல் பொறுக்கிக்கொண்டிருந்த லூர்தம்மாள்
தலை நிமிராமலே கேட்டாள்:
"ஏன் போட்டோக்காரரே,
கடல் என்ன உம்ம ஸ்டூல்ல வந்து உக்காந்திருக்கா,
நாடியைத் தூக்குன்னு சொல்ல?"
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்,
கண்ணை வியூஃபைண்டரில் இருந்து எடுக்காமல்.

பன்னிரண்டாம் நாள்
வடத்தில் இரண்டு ஆள் குறைவு.
முதுகுளத்தூர் கோர்ட்டில் வாய்தாவாம்.
மண்டாடி ரெக்ஸன் என்னைப் பார்த்தான்.
"அந்தப் பெட்டியை மணல்ல வைங்க.
இதைப் பிடிங்க."

பிடித்தேன்.
விறைப்பு கண்ணுக்கு வருமுன்
உள்ளங்கைக்கு வந்தது.
முன்னால் செல்வதாசனின் முதுகு,
அவன் தோளுக்கு அப்பால்
என் கையில் தொடங்கிய கயிறு
நேரே சூரியனுக்குள் போய்க்கொண்டிருந்தது.
இரண்டு பக்கமும் துளிகள்
எழுந்து நின்று
எரிந்து
விழுந்தன.
பெட்டி மணலில் கிடந்தது, மூடி போட்டபடி.

பதினொரு நாளும் பக்கவாட்டில் நின்றிருக்கிறேன்,
ஊர்வலம் பார்ப்பவனைப் போல.
காத்திருக்கிறேன் என்று
எனக்கு நானே மார் தட்டிக்கொண்டேன்.
நின்ற இடத்தை
ஒரு தடவைகூட சந்தேகப்படவில்லை.

கை தோலுரிந்து வீட்டுக்கு வந்த இரவே
கச்சான் விழுந்தது.
கடல் கலங்கி, வலையைச் சுருட்டிவிட்டார்கள்.
இனி ஐப்பசிக்குத்தான் என்றான் ரெக்ஸன் போனில்.

போன வாரம் செல்வதாசன் கடைக்கு வந்தான்.
பஹ்ரைனில் போட்டு வேலை, பாஸ்போர்ட்டுக்குப் படம்.
இரவல் சட்டை. படியச் சீவிய தலை.
ஸ்டூலில் உட்கார்ந்ததும்
முகத்தை வடம் மாதிரி விறைத்துக்கொண்டான்.
அசையாதீங்க என்று
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
முக்காலியைத் தள்ளிவிட்டு,
அவன் முன்னால் முழங்காலிட்டு,
பார்த்துக்கொண்டிருந்தேன்.

மின்விசிறி சுற்றியது.
தூத்துக்குடி பஸ் ஹாரன் அடித்துப் போனது.
"எடுத்தாச்சா அண்ணே?"
"இன்னும் இல்ல."
"எடுத்தாச்சா?"
அவன் எதையோ நினைத்தான்.
என்னவென்று எனக்குத் தெரியாது.
ஆறிக்கொண்டிருந்த என் உள்ளங்கையில்
ஏதோ இழுபட்டது.
அழுத்தினேன்.

காது இரண்டும் தெரிகின்றன.
எட்டுப் பிரதியை உறையில் போட்டுக் கொடுத்தேன்.
ஒன்பதாவது
மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.